டீ குடித்தால் எடுக்கும் கார்: சூட்டில் ஸ்டார்ட் ஆகாத ஒரு 1984 அம்பாசடர்

பத்தமடையில் பாய் வாங்கிவிட்டு வந்தால் கார் எடுக்காது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிவிட்டு வந்தாலும் எடுக்காது. காலையில் வீட்டு வாசலில் ஒரு தடவை செல்ஃப் அடித்தால் போதும், எடுத்துவிடும். சார்வாள் என்னிடம் கொண்டுவந்த வழக்கு இதுதான்.

சார்வாள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் வாத்தியாரை அப்படித்தான் சொல்வோம். ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறார். வண்டி மாமனார் வழியாக வந்த அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் எஞ்சின், 1489 சிசி. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி என்பதால் வாரம் ஒரு முறையாவது மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகப் போய்வருவார். ஒரு வழிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. இழுவை இருக்கிறது, மிஸ்ஸிங் இல்லை, ரேடியேட்டர் கொதிப்பதும் இல்லை. நிறுத்தினால்தான் வம்பு.

2023 மே மாதம் என் பட்டறைக்கு வருவதற்குள் அதற்கு இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. ஏசி பம்பை மாற்றியிருந்தார்கள். ஏசி என்றதும் குளிர்சாதனத்தை நினைக்க வேண்டாம். கேம் ஷாஃப்ட் தள்ளுகிற பெட்ரோல் பம்புக்குப் பட்டறைகளில் அதுதான் பெயர். பிறகு பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற இக்னிஷன் காயிலையும் மாற்றினார்கள். சூடாக இருந்தபோது பழைய காயிலை மீட்டரில் பார்த்தால் 3.6 ஓம் காட்டியதாம்; 3 ஓம்தானே இருக்க வேண்டும், போய்விட்டது என்று தீர்ப்பு. புதுக் காயில் போட்டும் பத்தமடையில் வண்டி எடுக்கவில்லை. காயிலுக்குள் இருப்பது செம்புக் கம்பி. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் செம்பின் தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 3 ஓம் காட்டுகிற காயில் 80 டிகிரியில் 3.6 ஓம் காட்டுவதுதான் நியாயம். நல்ல காயிலைத்தான் கழற்றியிருக்கிறார்கள். அந்த 3.6 பின்னால் ஒரு கணக்குக்கு உதவியது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாவது வைத்தியம் வண்ணார்பேட்டையில் எங்களுக்கெல்லாம் மூத்த மெக்கானிக் அண்ணாச்சி சொன்னது. அன்றைக்கு அவரும் என் பட்டறையில்தான் இருந்தார்.

"ஏர் லாக்குதான் சார்வாள், வேற ஒண்ணுமில்ல. பம்பு மேல ஈரத்துணியப் போட்டுட்டு ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க, எடுத்துரும்."

"எடுக்கத்தான் செய்யுது" என்றார் சார்வாள். மே மாதம் வழியிலுள்ள கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஏது? இதற்கென்றே ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் வண்டியில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, துணியில்லாம டீ மட்டும் குடிச்சா எடுக்காதோ?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆனால் அண்ணாச்சி முறைத்தார்.

இந்த வழக்கு முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சூட்டில் வரும் கோளாறு ஆறினால் தானே போய்விடும். ஆறுகிற நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ, அதற்குப் பேர் கிடைத்துவிடும். துணி போட்டால் துணிக்கு, பிளக்கைக் கழற்றித் துடைத்தால் பிளக்குக்கு, பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் போட்டால் பிள்ளையாருக்கு. அடுத்த வாரம் சேரன்மகாதேவியில் வண்டி மக்கர் செய்தபோது, நான் சொன்னபடி சார்வாள் துணியைத் தொடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ச் சாவியைத் திருப்பினார். எடுத்துவிட்டது. துணி வழக்கிலிருந்து விடுதலை.

அண்ணாச்சி சொன்னதும் ஆதாரமில்லாத பேச்சு இல்லை. பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு ஆவியை அமுக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. பழைய வண்டிகளில் நிஜமாகவே நடப்பதுதான். ஆனால் அது பெரும்பாலும் மேடு ஏறும்போதோ, ஊர்வல நெரிசலில் ஊர்ந்து போகும்போதோ ஓடிக்கொண்டிருக்கிற வண்டியையும் திக்கித் திணற வைக்கும். இந்த வண்டி ஓட்டத்தில் ஒருநாளும் திணறியதில்லை.

சார்வாளிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். எங்கே நிறுத்தினீர்கள், எத்தனை நிமிஷம், திரும்ப எடுத்ததா, செல்ஃப் சத்தம் எப்படி, வாசனை ஏதும் உண்டா. கணக்கு வாத்தியாரிடம் நோட்டுப் போடச் சொல்வது வெல்லம் தின்னக் கூலி கொடுத்த மாதிரி. கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, மூன்று வாரத்தில் கொண்டுவந்தார். மொத்தம் 14 நிறுத்தங்கள். மூன்று நிமிஷத்துக்குள் திரும்ப எடுத்ததெல்லாம் உடனே எடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதும் அப்படியே. பத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் வந்தவை ஏழு. அதில் ஐந்து எடுக்கவில்லை. பாய்க்கடையும் அப்பளக்கடையும் குற்றவாளிப் பட்டியலில் வந்தது அதனால்தான். பேரம் பேசி முடிக்கப் பதினைந்து இருபது நிமிஷம் ஆகும்.

வண்டி ஓடும்போது காற்றாடி காற்றை இழுத்துத் தள்ளுகிறது, டேங்கிலிருந்து ஆறின பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தின நொடியில் இரண்டும் நின்றுவிடும். ஆனால் எஞ்சினின் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கனன்றுகொண்டுதான் இருக்கும். அம்பாசடரில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்ப்பரேட்டரும் எக்ஸாஸ்டும் எஞ்சினுக்கு ஒரே பக்கம். அடுப்பு கீழே, பானை மேலே. அதனால் நிறுத்திய பிறகு பதினைந்து இருபது நிமிஷம் வரைக்கும் கார்ப்பரேட்டரின் சூடு ஏறும், அப்புறம்தான் இறங்கும். ஓட்டத்தில் இருந்ததைவிட நின்ற வண்டியில் கார்ப்பரேட்டர் அதிகம் சுடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சார்வாளின் கட்டங்கள் அதைத்தான் சொல்லின.

இவ்வளவு தெரிந்தும் எனக்கு ஒரு வாரம் வீணானது. பட்டறையில் வண்டியை ஓடவிட்டு, நிறுத்தி, இருபது நிமிஷம் கழித்து எடுத்தால் ஒவ்வொரு தடவையும் எடுத்தது. ஆறு தடவை செய்து பார்த்த பிறகுதான் உறைத்தது, நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்துக்கொண்டிருக்கிறேன். சூடு மேலே போய்விடுகிறது. அதுவும் ஈரத்துணி மாதிரி ஒரு வைத்தியம்தான், நானே போட்டது. அதற்குள் ஜூலையில் மேற்கே சாரல் விழ, கல்லிடைப் பக்கம் காற்று குளிர்ந்தது. வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடியது. "சரியாப் போச்சுடே, விடு" என்றார் சார்வாள். விட்டேன்.

செப்டம்பரில் கோளாறு திரும்ப வந்தது. புரட்டாசி பொன்னுருகக் காயும் என்பார்கள். இந்தத் தடவை நானே ஓட்டினேன். முன்னீர்பள்ளம் தாண்டிப் போய்த் திரும்பி, மொத்தம் 30 கிலோமீட்டர் ஓட்டி, பட்டறை வாசலில் வெயிலில் நிறுத்தி, பானெட்டை மூடியே வைத்தேன். கிளம்புவதற்கு முன்பே மல்ட்டிமீட்டரின் சூடு பார்க்கிற ஒயரைக் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் நிற்கிற மிதவைக் கிண்ணத்தோடு கம்பி போட்டுக் கட்டி, ஒயரை வெளியே எடுத்திருந்தேன். வெளியே 36 டிகிரி. ஓட்டத்தில் கிண்ணம் 48. நிறுத்தி ஐந்து நிமிஷத்தில் 61, பத்தில் 70, பதினேழாவது நிமிஷம் 75. அதற்கு மேல் ஏறவில்லை. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, வண்டி எடுக்கவில்லை. நாலு மாத வழக்கில் குற்றம் முதல் தடவையாக என் கண் முன்னால் நடந்தது.

இனிமேல் இரண்டு மூன்று நிமிஷம்தான் கையில் இருக்கிறது. பானெட்டைத் திறந்த உடனே ஆற ஆரம்பிக்கும். முதலில் மூக்கு: பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. அடுத்தது பிளக். ஒன்றாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றினேன், சொதசொதவென்று நனைந்திருந்தது. ஏர் லாக்காக இருந்தால் பெட்ரோலே வராது, பிளக் காய்ந்திருக்க வேண்டும். எல்லோரும் பெட்ரோல் வரவில்லை என்று நினைத்து வைத்தியம் பார்த்த வண்டியில் பெட்ரோல் கூடிப்போயிருந்தது. ஏர் கிளீனரைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்தேன். எஞ்சின் நின்றுகிடக்கிறது, ஆனால் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் கொதித்து, குமிழி தள்ளி, நாசில் வழியாக வழிந்து, எஞ்சினுக்குக் கலவை போகிற இன்டேக் மேனிபோல்டுக்குள் தேங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் பக்கத்தில் பிளக் ஒயரை எடுத்து ஸ்பார்க் தட்டிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். தீயணைப்பான் கையில் இருந்தாலும் வேண்டாம்.

பெட்ரோல் தண்ணீர் மாதிரி ஒரே டிகிரியில் கொதிக்கிற சரக்கு இல்லை. பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். இப்போது எத்தனாலும் சேர்கிறது. நாடு முழுக்கப் பத்து சதவீதக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியில் இருபது சதவீதப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலில் பத்து சதவீதம் கலந்தால் கலவையின் ஆவி அழுத்தம் குறையாது, கூடும். 1984-இல் இந்தக் கார்ப்பரேட்டருக்கு இந்தச் சோதனை கிடையாது.

பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடி வரைக்கும் மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். எட்டு நொடி போல. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எடுத்தது. முழுக்க மிதித்தால் திராட்டில் திறந்து காற்று உள்ளே போய், தேங்கின பெட்ரோலை உலர்த்தும். சார்வாள் இவ்வளவு நாளும் செய்தது நேர்மாறு. எடுக்கவில்லை என்றதும் மிதியை நாலைந்து தடவை குத்துவார். ஒவ்வொரு குத்துக்கும் கார்ப்பரேட்டரின் ஆக்சிலேட்டர் பம்பு இன்னும் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே விடும். முழுகினவன் தலையில் ஒரு குடம் தண்ணீர்.

இதோடு வழக்கை முடித்து, மிதிக்கிற முறையை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் மற்ற அம்பாசடர்களும் இதே வெயிலில், இதே பெட்ரோலில்தான் ஓடுகின்றன. அவற்றில் சில கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் எடுத்துவிடும். இது மட்டும் ஏன்? கார்ப்பரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். கார்ப்பரேட்டரை இன்டேக் மேனிபோல்டோடு பிடிக்கிற இரண்டு ஸ்டட்டும் நட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தன. நட்டுக்கு அடியில் இரண்டிரண்டு வாஷர் வேறு. இவ்வளவு நீள ஸ்டட்டை யாரும் சும்மா போடமாட்டார்கள். அங்கே முன்னால் கனமான ஒன்று இருந்திருக்கிறது.

இருக்க வேண்டியது கார்ப்பரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கிற கட்டியான இன்சுலேட்டர் கட்டை. இருந்தது மெல்லிய பேப்பர் பேக்கிங்.

"இந்தத் தொந்தரவு எப்போ ஆரம்பிச்சது சார்வாள்?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2022 கோடை என்றார். அதற்கு முன்னால் எஞ்சினில் யாராவது கை வைத்தார்களா? வைத்திருந்தார்கள். 2021 கார்த்திகையில் ஒரு பட்டறையில் எஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்து, புதிதாகப் பெயின்ட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பில்லை ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டினார். பேக்கிங் செட் ஒன்று என்று இருந்தது, கட்டையைப் பற்றிப் பேச்சில்லை. பழசு விரிசல் விட்டிருக்கும், தூக்கிப் போட்டிருப்பார்கள். கார்த்திகை மழையில் வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும். ஐந்து மாதம் கழித்து வந்த நோயை யாரும் அந்த வேலையோடு முடிச்சுப் போடவில்லை.

லேத் பட்டறையில் பத்து மில்லிமீட்டர் ஹைலம் ஷீட்டில், அதாவது சூட்டை எளிதில் கடத்தாத பேக்கலைட் மாதிரித் தகட்டில், கட்டை வெட்டினோம். பழைய பேக்கிங்கை வைத்து ஓட்டைகளைக் குறித்து, இரண்டு முகத்தையும் கண்ணாடி மேல் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். சமமில்லாவிட்டால் காற்று ஒழுகி ஐடிலிங் ஆடும். கார்ப்பரேட்டர் பத்து மில்லி உயர்ந்துவிடுவதால் ஆக்சிலேட்டர் இணைப்பைத் திருத்தி, பானெட்டை மூடும்போது ஏர் கிளீனர் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாஷர்களில் ஒன்று போதுமானது. ஸ்டட் நீளம் அச்சாகப் பொருந்தியது. மறுபடி அதே ஓட்டம், அதே வெயில். பதினேழாவது நிமிஷம் கிண்ணம் 59 டிகிரி. எடுத்தது.

எலெக்ட்ரிக் பம்பு போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கடையில் சுலபமாகக் கிடைப்பது இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்பு. அது தருகிற அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல். இந்தக் கார்ப்பரேட்டரின் ஊசி வால்வு தாங்குவது இரண்டு மூன்று பிஎஸ்ஐ. ஏற்கெனவே வழிகிற பானையில் குழாயைத் திறந்துவிட்ட கதையாகியிருக்கும்.

நோட்டு தொடர்ந்தது. அடுத்த ஒன்பது நிறுத்தங்களில் எட்டு எடுத்தன. ஒன்பதாவது, கல்லிடைக்குறிச்சி, 18 நிமிஷம், எடுக்கவில்லை. அந்தக் கட்டத்தில் சார்வாள் எழுதியிருந்தார்: "செல்ஃப் சத்தம் மந்தம். வாடை குறைவு."

அந்த ஒரு வரி இல்லையென்றால் நான் மறுபடியும் கார்ப்பரேட்டரைத்தான் குடைந்திருப்பேன். வண்டியைச் சூடாக்கி, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பார்த்தேன். பேட்டரி முனையில் 9.8 வோல்ட், குற்றம் சொல்ல முடியாது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். நல்ல வண்டியில் 0.2 வோல்ட் அளவில்தான் இருக்கும். இங்கே 1.4. பேட்டரியிலிருந்து பாடி வரைக்கும் 0.1-தான். மிச்சமெல்லாம் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே போகிற எர்த் பட்டையில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியில், தொலைகிறது. பட்டையின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பளபளவென்று பெயின்ட். அதே கார்த்திகை வேலை. எஞ்சினுக்கு அடித்த பெயின்ட்டின் மேலேயே எர்த்தை முறுக்கியிருக்கிறார்கள். சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. எர்த்துக்கு வழியில்லாத கரண்ட் அந்தக் கேபிள் வழியாகவும் போயிருக்கிறது. சோக் இறுக்கமாக இருக்கிறது என்று சார்வாள் வேறொரு நாள் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை.

இப்போது அந்த 3.6 ஓமுக்கு வருவோம். காயிலின் கரண்ட், அதை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பாயிண்ட் வழியாக, எஞ்சின் பிளாக்கில்தான் இறங்குகிறது. ஆக எர்த்தில் தொலைகிற 1.4 வோல்ட் காயிலுக்கும் நஷ்டம். சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குக் கிடைப்பது 8.4 வோல்ட். அதை 3.6-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். ஆறின காயிலுக்கு முழு 12.6 வோல்ட் கிடைத்தால் 4.2 ஆம்பியர். காயிலில் சேருகிற சக்தி கரண்டின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், சூட்டில் ஸ்பார்க்கின் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காலையில் எர்த் இதே லட்சணத்தில்தான் இருக்கும். ஆனால் காயில் 3 ஓம், கரண்ட் 2.8, சக்தி பாதிக்குக் கொஞ்சம் குறைவு. காய்ந்த பிளக்கைக் கொளுத்த அது போதும். நனைந்த பிளக்குக்கு மூன்றில் ஒரு பங்கு போதாது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது சார்வாள் முகத்தில் வந்த மகிழ்ச்சி, வண்டி எடுத்தபோதுகூட வரவில்லை. "இருமடின்னு எழுதுனியே, அலகு எங்கடே?" என்றும் கேட்டார்.

பிளாக்கில் போல்ட் உட்காரும் இடத்தை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, புதுப் பட்டை போட்டு, முறுக்கின பிறகு வெளிப்பக்கம் மட்டும் கிரீஸ் தடவினேன். செல்ஃப் அடிக்கும்போது 0.15 வோல்ட். சுற்றும் வேகமே மாறியது, காதிலேயே தெரிந்தது.

2024 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், மூன்று வாரம் மறுபடி நோட்டுப் போட்டார். பத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் பதினொரு நிறுத்தம். பதினொன்றும் எடுத்தது. உச்சி வெயிலில் இரண்டு தடவை மட்டும் முழு மிதியில் மூன்று நான்கு நொடி செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. அதை நான் அப்படியே விட்டுவிட்டேன். பாக்கியிருப்பது பெட்ரோல் ரப்பர் குழாய்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பி வெடிப்பு விடுகிறது. எத்தனால் தாங்கும் குழாயாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தேவையில்லாமல் கழற்றிய அந்தப் பழைய காயில் டிக்கியில் ஸ்பேராக இருக்கிறது, துண்டும் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணாச்சியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஹைலம் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வாடிக்கைக்காரர் ஒருவரின் வண்டிக்கு இதே மாதிரி ஒன்று வெட்ட அளவு எடுத்துக்கொண்டு போனார்.